கூலியாளாய் வந்த குருவானவர்



தைப்பொங்கல் முடிந்து ஓரிரு நாள் கழிய, தை மாதம் 16ஆம் திகதி, இலங்கையின் அப்போஸ்தலர் என்று நாம் போற்றும் புனித யோசேவ்வாஸ் அடிகளாரின் திருநாள் வருகிறது. மழைக்கும் மண்ணுக்கும் மாட்டுக்கும் உழவன் நன்றி சொல்லி முடித்த கையோடு இத்திருநாள் வருவது தற்செயலான பொருத்தமே. ஆயினும் அது நல்ல பொருத்தம். பெற்றுக்கொண்டதை மறவாதவன்தான் பிறருக்கு மனமுவந்து கொடுப்பான் என்பதை இம்மகானின் வாழ்வு ஆதி முதல் அந்தம் வரை காட்டுகிறது.

அவருடைய படத்தை நீங்கள் கண்டிருப்பீர்கள். மெலிந்த உடல், கையில் சிலுவை, பக்கத்தில் செபமாலை. அவர் செய்த புதுமைகளைப் பற்றியும் கேட்டிருப்பீர்கள். புதுமைகளைச் சற்று ஒருபுறம் வைத்துவிட்டு, அவர் எதை விட்டு வந்தார், எங்கள் மண்ணில் எதைப் பெற்றார், பெற்றதை என்ன செய்தார் என்ற மூன்றையும் இன்று உங்கள் குடும்பத்தோடு அமர்ந்து சிந்தித்துப் பாருங்கள்.

செல்வமும் குலமும் கல்வியும்

1651ஆம் ஆண்டு சித்திரை மாதம் 21ஆம் திகதி, கோவாவிலுள்ள பெனாவுலிம் என்னும் ஊரில் அவர் பிறந்தார். தந்தையார் கிறிஸ்தோவான் வாஸ், தாயார் மரியா டி மிராண்டா. தந்தையாரின் சொந்த ஊர் சாங்கோலே. கொங்கணி மொழி பேசும் பிராமண குலத்தவராயிருந்து தலைமுறைகளுக்கு முன் வேதத்தில் சேர்ந்த குடும்பம் அது. ஊரில் மதிப்பும் வீட்டில் வசதியும் இருந்தன.

பிள்ளை படிப்பில் கெட்டிக்காரன். போர்த்துக்கேய மொழியையும் இலத்தீனையும் கற்றார். கோவா நகரில் இயேசு சபையாரின் கல்லூரியிலும், பின்னர் சாமிநாதர் சபையாரின் கல்விக்கூடத்திலும் பயின்றார். 1676ஆம் ஆண்டில் குருப்பட்டம் பெற்றார். நல்ல பிரசங்கியார், நல்ல ஆன்ம குரு என்ற பெயர் விரைவிலேயே பரவியது. பெரிய இடத்துப் பங்குகளும் பதவிகளும் அவருக்கு எட்டாதவையாக இருக்கவில்லை.

ஆனால் அவர் செய்த முதற் காரியம் என்ன தெரியுமா? காலில் இருந்த பாதணியைக் கழற்றி வைத்ததுதான். ஏழைகள் வெறுங்காலோடு நடக்கிறார்கள். அவர்களுக்கு ஊழியம் செய்ய வந்த குருவும் வெறுங்காலோடு நடக்கட்டும் என்று முடிவு செய்தார். அதன்பின் கல்லும் முள்ளும் சுடுமணலும் அவர் பாதத்துக்குப் பழகிப் போயின.

அடுத்த ஆண்டு, 1677இல், இன்னொரு காரியம் செய்தார். தேவமாதாவுக்குத் தம்மை அடிமையாக எழுதிக் கொடுத்து, அந்த அடிமைச் சீட்டில் கையொப்பமிட்டார். அந்நாளில் கோவாவில் மனிதரை மனிதர் விலைக்கு வாங்கும் வழக்கம் இருந்தது. அடிமைக்குச் சொந்தமாக ஒரு சல்லியும் கிடையாது. உழைப்பும் உடம்பும் எசமானுக்கே உரியவை. அந்தப் பெயரைத்தான் இந்தக் குருவானவர் தமக்குத் தெரிந்து எடுத்துக்கொண்டார். குலம், கல்வி, குருத்துவம், உயிர் யாவும் ஆண்டவர் தந்தவை, அவற்றுக்குத் தாம் உரிமையாளரல்லர் என்பதே அந்தச் சீட்டின் பொருள்.

வாரத்துக்கு வயல் விதைப்பவனை எங்கள் ஊர்களில் நீங்கள் அறிவீர்கள். காணி அவனுடையதல்ல. ஆனாலும் அதைத் தன்னுடையதைப் போலப் பார்த்துப் பார்த்துப் பண்படுத்துவான். விளைந்ததில் காணிக்காரனுக்குரிய பங்கை முதலில் அளந்து வைப்பான். தாலந்துகளைப் பற்றி ஆண்டவர் சொன்ன உவமையின் நல்ல ஊழியனும் இத்தகையவனே. யோசேவ்வாஸ் அடிகளார் தம் வாழ்வு முழுவதையும் அப்படி வாரத்துக்கு எடுத்த காணியாகவே எண்ணினார்.

எங்கள் முன்னோரின் முப்பது ஆண்டு

இனி எங்கள் பக்கம் வருவோம். 1658ஆம் ஆண்டில் யாழ்ப்பாணக் கோட்டை ஒல்லாந்தர் கையில் வீழ்ந்தது. அத்தோடு போர்த்துக்கேயக் குருமார் வெளியேற்றப்பட்டனர். கோவில்கள் புரட்டஸ்தாந்து ஆராதனைக்கு எடுக்கப்பட்டன. கத்தோலிக்கக் குருவுக்குப் புகலிடம் கொடுப்பது பெருங்குற்றம் என்று கட்டளை பிறந்தது. ஞானஸ்நானமும் விவாகமும் அரசாங்கச் சபையில் நடந்து தோம்பில் பதியப்பட்டால்தான் செல்லும். பிள்ளைக்குச் சொத்துரிமை வேண்டுமா, சிறு உத்தியோகமேனும் வேண்டுமா, பதிவு வேண்டும்.

இந்த நிலையில் எங்கள் முன்னோர் என்ன செய்தார்கள்? பயந்து விலகியவர்கள் உண்டு. வெளியில் ஒன்றும் வீட்டில் ஒன்றுமாக வாழ்ந்தவர்கள் உண்டு. ஆனால் பல வீடுகளில் தாய்மார் இரவில் கதவைச் சாத்திவிட்டுப் பிள்ளைகளுக்குச் செபமாலை சொல்லிக் கொடுத்தார்கள். 1670ஆம் ஆண்டளவில் மாந்தையிலிருந்து சில குடும்பங்கள் மாதாவின் திருச்சுருபத்தைத் தூக்கிக்கொண்டு காட்டுவழி நடந்ததும், பின்னர் அது மருதமடுவுக்கு வந்து சேர்ந்ததும் மடுத்திருப்பதி பற்றி எங்களுக்கு வந்த பாரம்பரியம்.

ஏறத்தாழ முப்பது ஆண்டுகள் பூசை இல்லை, பாவசங்கீர்த்தனம் இல்லை, இறக்கும்போது அவஸ்தைபூசுதல் இல்லை. குருமார் இல்லாத அந்தக் காலத்தில் விசுவாசத்தைக் காவல் செய்தவர்கள் குடும்பத்தவர்களே. குடும்பத்தினருக்கான இந்தப் பக்கத்தில் அதை அழுத்திச் சொல்ல வேண்டும்.

தலைவர் பதவியிலிருந்து கூலி வேடத்துக்கு

இலங்கைக் கத்தோலிக்கரின் இந்த அவல நிலை கோவாவில் இருந்த அடிகளாரின் செவிக்கு எட்டியது. இங்கு வர அவர் மன்றாடினார். ஆனால் மேலிடம் 1681இல் அவரைக் கன்னடக் கரைக்கு அனுப்பியது. அங்கே குருக்களுக்குள்ளேயே அதிகாரப் பூசல் இருந்தது. போர்த்துக்கேய மன்னரின் உரிமைக்கு உட்பட்டவர்கள் ஒருபுறம், உரோமாபுரியிலிருந்து நேரே அனுப்பப்பட்டவர்கள் மறுபுறம். யாருக்கு அதிகாரம் என்று இவர்கள் தர்க்கித்த நேரத்தில் சனங்கள் மேய்ப்பனின்றித் தவித்தார்கள். அடிகளார் தாழ்மையோடும் பொறுமையோடும் நடந்து மூன்று ஆண்டுகள் அந்தச் சனங்களுக்கு ஊழியம் செய்தார். பின்னர் கோவாவுக்குத் திரும்பி, 1685ஆம் ஆண்டில், திருச்சிலுவைப் புதுமைக் கோவிலில் ஒன்றாக வாழ்ந்துவந்த சில குருமாரோடு சேர்ந்தார். அவர்கள் அவரையே தலைவராகத் தெரிந்தார்கள். அதுவே கோவா ஒறற்றோரியன் சபையின் தொடக்கம்.

தலைமைப் பதவி கிடைத்ததும் அதில் ஊன்றி அமர்வது மனித இயல்பு. ஆனால் இவர் அடுத்த ஆண்டே, 1686இல், பதவியை விட்டு இலங்கைக்குப் புறப்பட்டார். யோவான் என்ற இளைஞன் ஒருவன் துணைக்கு வந்தான். குருவின் அங்கியோடு வந்தால் கரையிலேயே பிடிபடுவது திண்ணம். ஆகவே அங்கியைக் களைந்தார். அரையில் ஒரு துண்டு, தோளில் ஒரு துண்டு. கூலிக்காரனுடைய கோலம். தூத்துக்குடியும் அப்போது ஒல்லாந்தர் ஆட்சியில்தான் இருந்தது. அங்கிருந்து ஒரு கப்பலில் ஏறினார். கடல் கொந்தளித்துக் காற்று கப்பலை அலைக்கழித்தது. மன்னார்க் கரையைத் தொட்டு, 1687ஆம் ஆண்டில் யாழ்ப்பாணம் வந்து சேர்ந்தார்.

நாடகத்தில் வேடம் போடுபவன் ஆட்டம் முடிந்ததும் வேடத்தைக் கலைத்துவிடுவான். அடிகளார் போட்ட கூலி வேடமோ வேடமாக நிற்கவில்லை. அதுவே அவர் வாழ்வாகிவிட்டது. சீடரின் காலைக் கழுவ ஆண்டவர் மேலாடையைக் கழற்றி வைத்துத் துவாலையை அரையில் கட்டிக்கொண்டதை நீங்கள் பெரிய வியாழனன்று ஆண்டுதோறும் காண்கிறீர்கள். அடிகளார் அரையில் கட்டி வந்த துண்டும் அதைப் போன்றதே.

ஒரு சிரங்கைக் கஞ்சி

யாழ்ப்பாணத்தில் கால் வைத்ததும் அவருக்குக் கிடைத்த வரவேற்பு என்ன? நோய். வழி நடந்த களைப்பும் பட்டினியும் சேர்ந்து கடுமையான வயிற்றோட்டம் கண்டது. தொற்று நோய்க்காரன் என்று அஞ்சிச் சனங்கள் அவரை ஒதுக்கி வைத்தார்கள். துணைக்கு வந்த யோவானும் படுத்துவிட்டான். அந்த வேளையில் பெண்ணொருத்தி இரக்கப்பட்டுக் கஞ்சி கொண்டுவந்து கொடுத்தாள் என்று அவர் சரித்திரத்தை எழுதியோர் கூறுவர்.

இந்த இடத்தில் சற்று நின்று யோசியுங்கள். அவள் தன் முன் கிடந்தவர் யாரென்று அறியாள். குரு என்று அறியாள். நாளை புனிதராவார் என்று கனவிலும் எண்ணியிருக்க மாட்டாள். ஒரு பரதேசிக் கூலியாள் சாகக் கிடக்கிறான் என்பது ஒன்றே அவளுக்குத் தெரியும். தன் வீட்டுப் பானையில் இருந்ததில் ஒரு சிரங்கையை அவனுக்கு ஊற்றினாள். அவள் பெயர் எந்த ஏட்டிலும் எங்களுக்கு எஞ்சவில்லை. ஆனால் அந்தக் கஞ்சி இல்லாதிருந்தால்? யாழ்ப்பாணத்தில் அடிகளார் செய்த ஊழியத்தின் கதை தொடங்கு முன்னே முடிந்திருக்கக் கூடும்.

கொடுக்க வந்தவர் முதலில் பெற்றுக்கொண்டார். அது அவருக்குத் தாழ்வாகத் தோன்றவில்லை. எங்களில் பலருக்குக் கொடுப்பது எளிது; பிறர் கையால் பெறுவதுதான் கடினம். கொடுப்பவன் மேலே நிற்கலாம், பெறுபவன் கையை நீட்ட வேண்டும். கையை நீட்டிப் பழகாதவன் கொடுக்கும்போது தன்னை அறியாமலே பெருமை கொள்கிறான். நோய்ப் படுக்கையில் கஞ்சி குடித்த அடிகளார், பின்னர் எந்த நோயாளியையும் மேலிருந்து பார்க்கவில்லை.

கழுத்தில் செபமாலை

எழுந்து நடக்கத் தொடங்கியதும் பிச்சை எடுக்கப் புறப்பட்டார். எவர் கத்தோலிக்கர் என்று அறிவது எப்படி? கேட்டால் ஆபத்து. ஆகவே கழுத்தில் செபமாலையைத் தொங்கவிட்டுக்கொண்டு படலை படலையாக நின்றார். அரிசி போடும் கைகளை விட, செபமாலையைக் கண்டதும் மாறும் முகங்களையே அவர் கவனித்தார். சிலர் முகத்தைத் திருப்பினார்கள். சிலர் கண்ணில் நீர் தளும்பியது. அப்படிக் கண்ட ஒரு குடும்பத்திடம் மெல்லத் தம்மை வெளிப்படுத்தினார். முப்பது ஆண்டுகளாக வராத குரு வந்துவிட்டார் என்ற செய்தி காதோடு காதாகப் பரவியது.

சனங்கள் அவரைப் பாதுகாப்பான இடமென்று சில்லாலைக்கு அழைத்துச் சென்றார்கள். பண்டத்தரிப்புக்கு அருகேயுள்ள அந்த ஊர் விசுவாசத்தில் உறுதியாய் நின்றிருந்தது. அங்கிருந்துகொண்டு இரவு வேளைகளில் ஊரூராகச் சென்றார். பகலில் கூலியாள், இரவில் குரு. வீட்டின் உட்புறத்தில் பூசை. விடியுமுன் அடுத்த ஊர். இறக்கும் தறுவாயில் இருந்தவர்களைத் தயார் செய்தார். தமிழைக் கற்று, தமிழிலேயே செபங்களும் ஞானோபதேசமும் சொல்லிக் கொடுத்தார்.

அவருக்கு இடம் கொடுத்த ஒவ்வொரு குடும்பமும் தன் வீட்டையும் காணியையும் உயிரையும் பணயம் வைத்தது. சில்லாலையார் இன்றும் அவர் பெயரைத் தங்கள் சொந்தக்காரர் பெயரைப்போலச் சொல்வதற்கு உரிமை உடையவர்களே.

ஆபத்து சும்மா இருக்கவில்லை. 1689ஆம் ஆண்டு நத்தார் இரவில், நடுச்சாமப் பூசைக்காகக் கூடியிருந்த சனங்களை ஒல்லாந்தப் படையினர் வளைத்துப் பிடித்தார்கள். அடிகளார் அவர்கள் கையில் அகப்படவில்லை. ஆனால் ஏராளமான ஆண்களும் பெண்களும் சிறைப்பட்டனர். முன்னின்றவர்கள் கடுமையாகத் தண்டிக்கப்பட்டனர். ஒருவர் கசையடியால் உயிர் துறந்தார். மற்றையோர் விலங்கிடப்பட்டுக் கடூழியத்துக்கு அனுப்பப்பட்டனர். குருவைக் காட்டிக் கொடுத்துத் தங்களைக் காத்துக்கொள்ள அவர்கள் நினைத்திருந்தால் முடிந்திருக்கும். அவர்கள் அதைச் செய்யவில்லை. நத்தார்ப் பூசைக்குப் புது உடுப்போடு நாம் பயமின்றிச் செல்லும்போது அந்த இரவை நினைக்க வேண்டாமா?

சிறையிலும் அரசனின் நகரிலும்

தாம் யாழ்ப்பாணத்தில் இருந்தால் சனங்களுக்கு இன்னும் துன்பம் வரும் என்று கண்டு, அடிகளார் ஒல்லாந்தர் கைக்கு எட்டாத கண்டி இராச்சியத்தை நோக்கிச் சென்றார். 1690இல் புத்தளம். 1692இல் கண்டி. ஆனால் நகரை அணுகும்போதே, போர்த்துக்கேய ஒற்றன் என்று குற்றஞ் சாட்டப்பட்டு, உடன் வந்தவர்களோடு சிறையில் அடைக்கப்பட்டார்.

சிறையில் இருந்தவர் புலம்பிக்கொண்டிருக்கவில்லை. சிங்கள மொழியைக் கற்றார். காவலாளர் காட்டிய சிறு சலுகையைக்கொண்டு ஒரு குடிசை அமைத்து, அதில் பூசை செய்தார். கண்டியில் இருந்த கத்தோலிக்கர் மெல்ல மெல்ல வரத் தொடங்கினர். கைதியின் நடத்தையைக் கண்ட இரண்டாம் விமலதர்மசூரிய மன்னனின் ஐயமும் படிப்படியாக நீங்கிற்று. நாட்டில் மழை பொய்த்துச் சனங்கள் வாடியபோது அடிகளார் வெளியில் பீடம் அமைத்து முழங்காலில் நின்று மன்றாட, மழை பெய்தது என்பது வழிவழியாகச் சொல்லப்படும் வரலாறு. நகரில் நடமாடும் சுதந்திரம் அவருக்குக் கிடைத்தது.

வைசூரிக் காலம்

1697ஆம் ஆண்டு. கண்டி நகரில் வைசூரி பரவியது. அந்நோயின் கொடுமையை இன்றைய பிள்ளைகள் அறியார். உடலெங்கும் கொப்புளம், நாற்றம், தாங்க முடியாத காய்ச்சல். மருந்தில்லை. நோய் கண்டவரைப் பெற்ற தாயும் தொடப் பயந்த காலம். மன்னனும் பிரபுக்களும் நகரை விட்டு விலகினர். வசதியுள்ளோரும் போய்விட்டனர். நோயாளரைக் காட்டோரத்தில் விட்டுவிட்டுச் சொந்தக்காரர் ஓடினர்.

அப்போது கண்டியில் அடிகளாரோடு அவர் உறவினரான யோசேவ் கர்வாலோ குருவானவரும் இருந்தார். ஓடிப்போக இருவருக்கும் வழி இருந்தது. அவர்கள் நின்றார்கள். வெறுமையாய்க் கிடந்த வீடுகளையும், புதிதாகப் போட்ட குடிசைகளையும் வைத்தியசாலைகளாக்கி நோயாளரைத் தூக்கி வந்து கிடத்தினார்கள். கஞ்சி காய்ச்சிக் கொடுத்தார்கள். புண்ணைக் கழுவினார்கள். உடுதுணியைத் தோய்த்தார்கள். இறந்தவர்களைச் சுமந்து சென்று குழி வெட்டிப் புதைத்தார்கள். கத்தோலிக்கரா, பௌத்தரா என்று கேட்கவில்லை. உயர்ந்தோரா, தாழ்ந்தோரா என்றும் கேட்கவில்லை. இந்தப் பணி ஓரிரு வாரத்தோடு முடிந்துவிடவில்லை. நோய் தணியும்வரை மாதக்கணக்கில் நீடித்தது.

பிராமண குலத்தில் பிறந்தவர், இறையியல் கற்றவர், சபைத் தலைவராக இருந்தவர், பிணம் சுமந்து குழி வெட்டுகிறார். அந்நாளைய சமுதாயத்தில் பிணத்தைத் தீண்டுவதும் புண்ணைத் துடைப்பதும் யார் தலையில் கட்டப்பட்ட வேலைகள் என்பதை நான் உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. அடிகளார் சாதியைக் கண்டித்துப் பெரிய பிரசங்கம் எதுவும் செய்ததாக நான் இங்கே கூற வரவில்லை. அவர் கைகள் செய்த வேலையே போதிய பிரசங்கம்.

யாழ்ப்பாணத்தில் ஒரு பெண் ஊற்றிய கஞ்சிக்கு, பத்து ஆண்டுகளின் பின் கண்டியில் அவர் நன்றி செலுத்தினார் என்று நான் எண்ணிக்கொள்வதுண்டு. அவளிடம் திருப்பிக் கொடுக்க வழியில்லை. ஆகவே சாகக் கிடந்த ஒவ்வொருவருக்கும் கொடுத்தார். நன்றிக்கடன் அப்படித்தான் தீர்க்கப்படுகிறது. தந்தவருக்கே திருப்பிக் கொடுத்துவிட்டால் கணக்கு அத்தோடு முடியும். இல்லாதவனுக்குக் கொடுக்கும்போதோ அது ஆண்டவரின் கணக்கில் ஏறுகிறது.

நோய் தணிந்தபின் மன்னனின் மதிப்பு முன்னிலும் உயர்ந்தது. அந்த மதிப்பைக் கொண்டு அடிகளார் தமக்கென்று ஒன்றையும் தேடவில்லை. கோவாவிலிருந்து வந்து சேர்ந்த குருமாரைப் பல பகுதிகளுக்கும் அனுப்பினார். தாமும் வெறுங்காலோடு நாட்டைச் சுற்றினார். 1705இல் வந்த யாக்கோமே கொன்சால்வெஸ் குருவானவரைத் தமிழிலும் சிங்களத்திலும் நூல்கள் எழுதும் பணியில் ஊக்குவித்தார். தம்மிலும் ஆற்றலுள்ள இளையவரைக் கண்டு மகிழ்ந்து வழிவிடுவதும் தாழ்ச்சியின் ஓர் அடையாளம். ஆயர் பதவியைப் பற்றிய பேச்சு எழுந்தபோதும் அதை அவர் விரும்பவில்லை.

உழைத்து உழைத்துத் தேய்ந்த உடல் 1710இல் நோயில் விழுந்தது. 1711ஆம் ஆண்டு தை மாதம் 16ஆம் திகதி கண்டியில் உயிர் நீத்தார். அப்போது அவருக்கு வயது 59. அவரை அடக்கம் செய்த கோவிலும் பிற்காலத்தில் அழிந்தது. கல்லறை இருந்த இடம் இன்று எவருக்கும் நிச்சயமாகத் தெரியாது. தமக்கென்று எதையும் வைத்துக்கொள்ளாதவருக்கு ஆறடி நிலமும் அடையாளமாக நிற்கவில்லை.

1995ஆம் ஆண்டு தை மாதம் 21ஆம் திகதி கொழும்பு காலிமுகத்திடலில் பாப்பரசர் இரண்டாம் அருளப்பர் சின்னப்பர் அவரை முத்திப்பேறுபெற்றவராக உயர்த்தினார். இருபது ஆண்டுகளின் பின், 2015ஆம் ஆண்டு தை மாதம் 14ஆம் திகதி, அதே திடலில் பாப்பரசர் பிரான்சிஸ் அவரைப் புனிதராகப் பிரகடனம் செய்தார். போரின் காயம் ஆறாத நாட்டில், சிங்களவரும் தமிழரும் ஒருங்கே தங்களவர் என்று சொல்லக்கூடிய புனிதர் ஒருவர் கிடைத்தார்.

உங்கள் வீட்டுக்கு ஒரு கேள்வி

வாசகர்களே, இவ்வளவும் பழங்கதை என்று மூடி வைத்துவிடலாகாது. 1995ஆம் ஆண்டு ஐப்பசி மாதம் 30ஆம் திகதி இரவை நினைத்துப் பாருங்கள். மழையில், இருட்டில், வலிகாமத்துச் சனங்கள் இலட்சக்கணக்கில் செம்மணி வீதியால் ஊர்ந்து வெளியேறினார்கள். வளவும் வீடும் தென்னையும் பனையும் நாற்சார் முற்றமும் பின்னால் கிடந்தன. தென்மராட்சியிலும் வடமராட்சியிலும் வன்னியிலும் முன்பின் அறியாதவர்கள் தங்கள் தலைவாசலைத் திறந்துவிட்டார்கள். அன்று நாங்கள் எல்லோரும் பரதேசிகள். யாரோ ஒருவர் கஞ்சி ஊற்றினார், நாங்கள் குடித்தோம். அவர் என்ன சாதி, என்ன சமயம் என்று அன்று எவரும் கேட்கவில்லை.

இன்று? வீடுகள் மறுபடி எழுந்திருக்கின்றன. வெளிநாட்டுப் பிள்ளைகளின் உழைப்பால் சில ஊர்களில் மாடிகளும் உயர்ந்திருக்கின்றன. அதில் தவறில்லை. பிள்ளை குளிரிலும் பனியிலும் உழைத்து அனுப்பிய காசு அது. ஆனால் மதில் உயர உயரப் படலை சிறுத்துவிடவில்லையா என்று கேட்டுப் பாருங்கள். கலியாணம் பேசும்போது முதலில் எதை விசாரிக்கிறோம்? முன்னொரு காலத்தில் கோவிலுக்குள்ளேயே இன்னார் இன்ன இடத்தில்தான் இருக்க வேண்டும் என்ற வழக்கம் எங்கள் நாட்டில் இருந்தது. வாங்குகள் மாறிவிட்டன. மனதுக்குள் இருந்த வாங்கு மாறிற்றா? ஒரே பீடத்தில் நற்கருணை வாங்கிவிட்டு, வீட்டில் தண்ணீர் கொடுக்கும் பாத்திரத்தில் வேற்றுமை பார்ப்பவர், வைசூரிப் பிணம் சுமந்த அடிகளாரின் படத்துக்கு எந்த முகத்தோடு விளக்கேற்றுவார்?

வீட்டில் படுக்கையில் கிடக்கும் முதியவர் ஒருவர் இருப்பார். பிள்ளைகள் தொலைவில். அவரைத் துடைத்துக் கழுவிச் சோறு ஊட்டும் வேலை பெரும்பாலும் ஒரு மருமகள் தலையிலோ சம்பளத்துக்கு வரும் ஓர் ஏழைப் பெண் தலையிலோ விழுகிறது. அந்த வேலையை நாம் மட்டமாக நினைக்கிறோம். கண்டியில் அடிகளார் செய்தது அந்த வேலைதான். அதைச் செய்யும் கைகளுக்கு உங்கள் வீட்டில் என்ன மரியாதை கிடைக்கிறது? ஆண்பிள்ளைகளே, நீங்களும் ஒருநாள் அந்தத் துவாலையைக் கையில் எடுத்ததுண்டா?

பெரிய காரியங்கள் செய்யும்படி நான் கேட்கவில்லை. வருகிற திருநாளில், இரவுச் செபமாலைக்குப் பின், குடும்பமாக அமர்ந்து ஒரு கணக்குப் பாருங்கள். எங்களுக்கு இல்லாதிருந்த காலத்தில் எவரெவர் கையால் பெற்றோம் என்று பிள்ளைகளுக்கு வரிசையாகச் சொல்லுங்கள். படிக்க உதவிய வாத்தியார், இடம்பெயர்ந்தபோது இடம் தந்த வீட்டுக்காரர், இரத்தம் கொடுத்தவர், பெயர் தெரியாதவர். பெயர் தெரிந்தவர்களுக்காக ஒரு செபம் சொல்லுங்கள். பெயர் தெரியாதவர்களுக்காக இரண்டு சொல்லுங்கள். பிறகு, இன்று உங்கள் ஊரில் அந்த நிலையில் இருப்பவர் யார் என்று கேளுங்கள். யாரும் போகாத ஒரு வீடு ஒவ்வோர் ஊரிலும் உண்டு. அந்தப் படலையைத் திறந்து நீங்களே உள்ளே போங்கள். போகும்போது உங்கள் பிள்ளையையும் கூட்டிக்கொண்டு போங்கள்.

எல்லாவற்றையும் செய்து முடித்தபின்னும் கடமையைத்தான் செய்தோம் என்று சொல்லும் ஊழியராய் இருக்கும்படி ஆண்டவர் எங்களுக்குக் கற்பித்தார். கூலியாளாய் எங்கள் கரைக்கு வந்து, எங்கள் ஊரில் கஞ்சி வாங்கிக் குடித்து, கடைசி மூச்சு வரை கூலி கேளாமல் உழைத்த புனித யோசேவ்வாஸ் அடிகளார், அந்த மனத்தை எங்கள் குடும்பங்களுக்கும் பெற்றுத் தருவாராக.